புல்வெட்டி எஞ்சின் திணறுகிறதா? கடைக்கு அனுப்பும் முன் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்குங்கள்

வட கரோலினாவில் நாங்கள் வீடு வாங்கியபோது அரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான புல்வெளியும் சேர்ந்து வந்தது. முந்தைய உரிமையாளர் உட்கார்ந்து ஓட்டும் தன் புல்வெட்டியை 400 டாலருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இலையுதிர் காலத்தில் அது சொன்னபடி ஓடியது. ஏப்ரலில் கொட்டகையைத் திறந்து சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒரே சீராக நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. சோக்கை (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் மடல்) பாதி இழுத்து வைத்தால் ஓடும், விட்டால் திணறும்.

எனக்கு ஒன்றும் தெரியாது. இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு 48 டாலருக்கு இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் மின் பாகம்) வாங்கி மாட்டினேன். எந்த மாற்றமும் இல்லை. மின்சாரப் பாகங்களைத் திருப்பி எடுப்பதில்லை என்று விற்றவர் சொல்லிவிட்டார். பிறகு ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்பினேன். மூன்று வாரம் காத்திருப்பு, வண்டியை ஏற்றி இறக்க 90 டாலர், எல்லாம் சேர்த்து 265 டாலர். ரசீதில் இருந்தது ஒரே வரி: பழைய பெட்ரோல் அகற்றம், கார்புரேட்டர் சுத்தம். அதற்குள் முழங்கால் வரை புல் வளர்ந்து, குடியிருப்பு உரிமையாளர் சங்கத்திலிருந்து 14 நாள் கெடு வைத்துக் கடிதமும் வந்துவிட்டது.

மறு ஆண்டு அதே கோளாறு. இம்முறை நானே ஒரு காலை நேரத்தில் 20 டாலருக்குள் முடித்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம், உள்ள பெட்ரோல் எஞ்சின்களுக்கு இது பொருந்தும். மலிவானதை முதலில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள்.

1. எண்களையும் தாள்களையும் எடுத்து வையுங்கள்

புதியவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது. வண்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரும் எஞ்சின் செய்த நிறுவனமும் பெரும்பாலும் வேறுவேறு. பச்சை நிற ஜான் டீர் வண்டிக்குள் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின் இருக்கலாம். கப் கேடட் வண்டிக்குள் கோலர் எஞ்சின் இருக்கலாம். பிளேடு, பெல்ட் போன்றவற்றுக்கு வண்டியின் மாடல் எண் வேண்டும். அது பல வண்டிகளில் இருக்கைக்கு அடியில் ஒட்டியிருக்கும். எஞ்சின் பாகங்களுக்கு எஞ்சினின் எண்தான் வேண்டும்.

பிரிக்ஸ் எஞ்சினில் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: மாடல், டைப், கோட். மாடல் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும். என்னுடையது 31 என்று தொடங்குகிறது. அதாவது சுமார் 500 சிசி. கோட் எண் தயாரித்த தேதி: முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள். பழைய வண்டி வாங்கும்போது விற்பவர் சொல்லும் வயதைச் சரிபார்க்க இது நல்ல வழி. கோலரில் ஸ்பெக் எண்ணைத் தேடுங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, அந்த எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்திலிருந்து கையேட்டையும் பாகப் பட்டியலையும் இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான்.

வண்டி புதிதாக இருந்தால் ரசீதைத் தேடி எடுங்கள். ஆனால் உத்தரவாதத்தை மிகையாக நம்ப வேண்டாம். பழைய பெட்ரோலால் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால் அது உங்கள் பராமரிப்புக் குறை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

2. கையை வைப்பதற்கு முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். எதையாவது கழற்றுவதற்கு முன் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி ஓரமாக ஒதுக்கிவிடுங்கள். எஞ்சின் முழுதும் ஆறட்டும்.

வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கராஜுக்குள் கூடவே கூடாது. இங்கே பல வீடுகளில் வெந்நீர்க் கொதிகலன் கராஜிலேயே இருக்கிறது. எரிவாயுவில் ஓடுவதென்றால் அதில் தீ எரியும். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அதைத் தொடும். மூடிய கராஜில் எஞ்சினை ஓட்டுவது கார்பன் மோனாக்சைடு காரணமாக அதைவிட மோசம்.

3. சத்தத்தைக் கேளுங்கள்

ஐந்து நிமிடம் இதற்குச் செலவிடுங்கள். எப்போது திணறுகிறது என்பதுதான் பாதி விடை.

பிளேடைப் போடாமல் ஓட்டிப் பாருங்கள். அப்போது சீராக ஓடி, பிளேடு போட்டதும் வண்டியே உதறினால் கோளாறு எஞ்சினில் இல்லை. பிளேடு வளைந்திருக்கும், அல்லது அடித்தட்டில் ஈரப்புல் அப்பிக் கிடக்கும். மரவேரில் ஒருமுறை மோதியிருந்தாலே போதும்.

ஏறி இறங்கி ஓடி, சோக்கைப் பாதி போட்டதும் சீரானால், எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை; காற்று அதிகம். கார்புரேட்டர் அடைப்பாக இருக்கும், இல்லையேல் எங்கோ காற்று ஒழுகும். நான் பார்த்தவரை பெரும்பாலானோர் வீட்டில் நடப்பது இதுதான்.

கரும்புகையும் பெட்ரோல் நெடியும் வந்தால் நேர் எதிர்: பெட்ரோல் அதிகம். சோக் முழுதாகத் திறக்கிறதா, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நீலம் கலந்த வெண்புகை என்றால் ஆயில் எரிகிறது. முதலில் ஆயில் அளவு குச்சியைப் பாருங்கள். போன தடவை ஊற்றியவர் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். அளவு சரியாக இருந்தும் புகை நிற்கவில்லையென்றால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் நடுவில் ஒழுகாமல் தடுக்கும் தகடு) போயிருக்கலாம். அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

இருபது நிமிடம் நன்றாக ஓடி, சூடானதும் திணறி நின்று, ஆறியபின் மறுபடி கிளம்பினால் இரண்டு பேர் மேல் சந்தேகம்: பெட்ரோல் டேங்க் மூடி, இக்னிஷன் காயில்.

மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் வெட்டி வெட்டி ஓடினால் இருக்கைக்கு அடியில் உள்ள பாதுகாப்புச் சுவிட்சின் இணைப்பைப் பாருங்கள். அந்தச் சுவிட்சை நேர் இணைப்புக் கொடுத்து ஏமாற்ற வழி சொல்லித் தருபவர்கள் உண்டு. நீங்கள் இருக்கையிலிருந்து விழுந்தால் பிளேடை நிறுத்துவது அதுதான். அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

4. பெட்ரோலை மாற்றுங்கள்

வேறு எதையும் தொடுவதற்கு முன் இது. இங்கே பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம் எத்தனால் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நின்ற பெட்ரோலை எஞ்சின் நிறுவனங்களே பழையது என்கின்றன. நவம்பரில் ஊற்றியது ஏப்ரலில் எப்படி இருக்கும்?

கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் கருத்து, வார்னிஷ் போல் நெடி அடித்தால் கெட்டுவிட்டது. அடியில் தனியாக ஒரு படலம் தேங்கினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எப்படியிருந்தாலும் டேங்கைக் காலி செய்யுங்கள். கையால் அழுத்தும் சிறு பம்பு 10 டாலருக்குக் கிடைக்கிறது. நம் ஊர் வழக்கப்படி குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் மருத்துவமனைதான். எடுத்த பெட்ரோலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள். எங்கள் கவுண்டியில் வீட்டுக் கழிவுக்குக் கட்டணம் இல்லை.

புதிது வாங்கும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. சில பம்புகளில் ‘அன்லெடட் 88’ என்று காலனுக்குச் சில சென்ட் மலிவாக ஒன்று இருக்கும். அதில் எத்தனால் பதினைந்து சதவீதம் வரை உண்டு. புல்வெட்டிக்கு அதை ஊற்றக் கூடாது என்று பம்பின் மேலேயே எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். நான் முதல் ஆண்டு அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன், கெட்டிக்காரத்தனமாகச் சேமிப்பதாக நினைத்து. சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோல் போதும். எத்தனால் இல்லாத பெட்ரோல் சில நிலையங்களில் கிடைக்கும். விலை கூடுதல், ஆனால் நீண்ட நாள் நிற்கும். ஒரு காலனுக்கு மேல் வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள்.

5. மூடி, வடிகட்டி, குழாய்

டேங்க் மூடியில் காற்று உள்ளே போக நுண்ணிய துளை உண்டு. அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. எஞ்சினை நிறுத்தி, மூடியை ஒரு திருகு தளர்த்திவிட்டு, சமதளத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். சீரானால் உங்கள் செலவு ஒரு மூடி. செலவே இல்லாத சோதனை என்பதால் யாரும் செய்வதில்லை.

பெட்ரோல் வடிகட்டி 5 டாலர். பழையதை ஆராயாமல் மாற்றிவிடுங்கள். அதன் மேல் அம்புக்குறி இருந்தால் அது கார்புரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். கழற்றும்போதே கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் பிடித்து ஒரு புட்டியில் விட்டுப் பாருங்கள். டேங்க் மேலே இருக்கும் வண்டியில் தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் குழாய்க்குள்ளே ரப்பர் உரிந்து அடைத்திருக்கும். டேங்க் இருக்கைக்கு அடியில் தாழ இருந்தால் நடுவில் ஒரு சிறு பம்பு இருக்கும். எஞ்சினைச் சுழற்றினால்தான் பெட்ரோல் வரும். அப்படிச் சுழற்றும்போது பிளக் வயரை எஞ்சின் உலோகத்தோடு பூமி இணைப்புச் செய்திருக்க வேண்டும், பொறி பறக்காதபடி.

6. காற்று வடிகட்டியும் பிளக்கும்

வடிகட்டி தாளாக இருந்தால் மெதுவாகத் தட்டுங்கள். தூசி போகவில்லையென்றால் புதிது வாங்குங்கள், 12 முதல் 20 டாலர். காற்றுக் குழாய் வைத்து ஊதினால் தாள் கிழியும். வெளியே சுற்றிய ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி முழுதும் காயவைத்து மாட்டலாம். வடிகட்டிப் பெட்டியைத் திறக்கும்போது எலிக்கூட்டையும் தேடுங்கள். என் எஞ்சினின் குளிர்விக்கும் உறைக்குள் ஒரு பிடி பஞ்சும் ஏகோர்ன் (ஓக் மரக்கொட்டை) தோல்களும் இருந்தன. எஞ்சின் தேவையில்லாமல் சூடாவதற்கு அது ஒன்றே போதும்.

பிளக்கைக் கழற்றினால் கதை தெரியும். வெளிர் பழுப்பு நல்லது. கரி படிந்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமாக எண்ணெய் பிசுபிசுத்தால் ஆயில் மேலே வருகிறது. டிவிஎஸ் 50 காலத்துப் பழக்கத்தில் உப்புத்தாள் எடுத்துத் தேய்க்க எனக்கும் கை துடித்தது. தேய்த்த துகள் உள்ளே விழுந்தால் சிலிண்டர் கீறும். புதிய பிளக் 5 டாலர்தான். என் எஞ்சினுக்குச் சாம்பியன் ஆர்சி12ஒய்சி, இடைவெளி 0.030 அங்குலம். உங்களுடையதைக் கையேட்டில் பாருங்கள். பெட்டியிலிருந்து வரும்போது இடைவெளி சரியாக இருக்கும் என்று நம்பாமல் அளந்து போடுங்கள். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். ஹெட் அலுமினியம், கோணலாக ஏறினால் மரை போய்விடும், பிறகு அழ வேண்டியதுதான்.

7. கார்புரேட்டர்

இதுவரை செய்தும் ஏறி இறங்கி ஓடினால் இங்கேதான் வர வேண்டும். பயப்பட வேண்டாம். அவசரமும் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படமெடுங்கள். கவர்னரிலிருந்து (எஞ்சின் வேகத்தை நிலையாக வைக்கும் அமைப்பு) வரும் கம்பியும் ஸ்பிரிங்குகளும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். ஒரு துளை தள்ளி மாட்டினாலே வேகம் மாறிவிடும். நான் படமெடுக்காமல் கழற்றிவிட்டு, மாட்டும்போது முக்கால் மணி நேரம் முழித்தேன்.

பல எஞ்சின்களில் முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. பெட்ரோல் வரும் குழாயைக் கவ்வியால் அடைத்துவிட்டு, கீழே தொங்கும் கிண்ணத்தை மட்டும் கழற்றுங்கள். அதன் அடியில் இருப்பது சாதாரண போல்ட்டாகவோ, வயர் செருகிய சோலினாய்டாகவோ (மின்சாரத்தால் பெட்ரோலைத் திறந்து மூடும் பாகம்) இருக்கும். கிண்ணத்தில் வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ தெரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

நடுவில் உள்ள ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்துளை கொண்ட திருகு) கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வட்டமான, கூர்மையான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். மங்கலாகவோ பிறை போலவோ தெரிந்தால் அடைப்பு. மின்கம்பிக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழையை விட்டு எடுங்கள். ஊசி, குண்டூசி, துளைபோடும் அலகு எதுவும் வேண்டாம். அந்தத் துளையின் அளவுதான் கலவையைத் தீர்மானிக்கிறது, கொஞ்சம் பெரிதானாலும் கெட்டது. பக்கவாட்டில் குறைந்த வேகத்துக்கான சிறிய ஐடில் ஜெட் ஒன்று இருக்கும். முழு வேகத்தில் சரியாக ஓடி, வேகத்தைக் குறைத்தால் மட்டும் திணறினால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கார்புரேட்டர் கிளீனர் தெளிப்பான் 6 டாலர். கண்ணாடி அணியாமல் அடிக்காதீர்கள். ஒரு துளையில் அடித்தது எதிர்பாராத இன்னொரு துளை வழியாக நேராகக் கண்ணுக்கு வரும். ரப்பர் வளையங்களையும் கேஸ்கெட்டையும் முன்பே எடுத்துவிடுங்கள். அந்த மருந்து பட்டால் உப்பிப் போய் மறுபடி பொருந்தாது. ஒவ்வொரு துளையிலும் அடித்து, மறுபக்கம் தாரை வருகிறதா என்று பாருங்கள்.

கேஸ்கெட், ஊசி வால்வு அடங்கிய பழுதுத் தொகுப்பு 10 முதல் 20 டாலர். மாற்று நிறுவனத்தின் முழு கார்புரேட்டர் 25 முதல் 40 டாலருக்கே கிடைக்கிறது. அசல் வேண்டுமென்றால் 100 டாலரைத் தாண்டும். மலிவானவற்றில் சில ஓராண்டு கூடத் தாங்குவதில்லை. அசலைச் சுத்தம் செய்வதே என் விருப்பம். அரிப்பெடுத்துப் பொரிந்துபோனால் மட்டும் மாற்றுங்கள்.

வேகம் நிலையில்லாமல் இருக்கிறதே என்று கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்தும் வளைத்தும் சரிசெய்யப் பார்க்கிறவர்கள் உண்டு. எஞ்சின் வரம்பு மீறிச் சுழன்றால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு உடைந்து வெளியே வரும். அதோடு வண்டியின் கதை முடிந்தது.

8. காற்று ஒழுக்கு

கார்புரேட்டர் சுத்தமாகியும் அதே ஏற்ற இறக்கம் என்றால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட் வழியாகக் காற்று நுழையலாம். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பில் மட்டும் பூவாளி போலச் சிறிது தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் ஒழுகுமிடம் அதுவே. கிளீனரையே அடித்துச் சோதிக்கச் சொல்வார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் எரியும் திரவத்தை அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கேஸ்கெட் 3 டாலர்.

9. காயில், வால்வு

சூடானதும் நிற்கும் வண்டியில் மட்டும் காயிலைச் சந்தேகியுங்கள். 10 டாலர் பொறிச் சோதனைக் கருவியைப் பிளக்குக்கும் வயருக்கும் நடுவில் மாட்டி, நிற்கும் தருணத்தில் பொறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இதைச் செய்யாததற்கு நான் கொடுத்த விலை 48 டாலர்.

இரண்டு சிலிண்டர் எஞ்சின் வலுவிழந்து கரகரத்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இருக்கலாம். இரண்டு புகைக்குழாய்களின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒப்பிட்டால் எது என்று உடனே தெரிந்துவிடும்.

வால்வு இடைவெளி தவறினால் கிளப்பும்போதே காட்டிக்கொடுக்கும்: ஸ்டார்ட்டர் அரைச்சுற்றில் முட்டி நிற்கும். பேட்டரியைக் குறைசொல்லிப் புதிது வாங்குகிறவர்கள் ஏராளம். என் எஞ்சினில் உள்வரும் வால்வுக்கு 0.003 முதல் 0.005 அங்குலம், வெளியேறும் வால்வுக்கு 0.005 முதல் 0.007. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளைப் பிடித்துப் பழக்கமில்லையென்றால் இந்த ஒன்றைக் கடைக்கு விடலாம்.

10. கடைக்கு விட்டே தீர வேண்டுமென்றால்

மார்ச் முதல் வாரத்துக்குள் போய்விடுங்கள். ஃபெஸ்க்யூ புல் ஏப்ரல், மே மாதங்களில் வெறிகொண்டு வளரும். அந்த நேரத்தில் எல்லோருடைய வண்டியும் கடை வாசலில் நிற்கும். மணிக்கூலி என்ன, கோளாறைக் கண்டறியத் தனிக் கட்டணம் உண்டா, பழுதுபார்க்க ஒப்புக்கொண்டால் அது கழியுமா, ஏற்றி இறக்க எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். எழுத்தில் மதிப்பீடு வாங்கி, இந்தத் தொகையைத் தாண்டினால் என்னைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், நீங்கள் மாற்றியவற்றையும் சத்தத்தின் காணொளியையும் காட்டுங்கள். ஏற்கெனவே செய்ததற்கு மறுபடி பணம் கேட்க மாட்டார்கள்.

சங்கக் கடிதம் வந்துவிட்டதென்றால் வண்டியைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். கடையில் கொடுத்த ரசீதின் படத்தை இணைத்துக் கெடு நீட்டிக்க எழுதுங்கள். எனக்கு பத்து நாள் கொடுத்தார்கள். அதற்குள் அக்கம்பக்கத்தில் புல்வெட்டும் ஒருவரை ஒருமுறைக்கு 60 டாலர் கொடுத்துக் கூப்பிட்டேன்.

நவம்பரில் கடைசி வெட்டு முடிந்ததும், புதுப் பெட்ரோலில் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்து) கலந்து ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பெட்ரோல் வைத்திருக்கும் சிவப்பு டப்பாவின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, பெட்ரோல் வாங்கிய தேதியைத் தடித்த பேனாவால் எழுதி வையுங்கள்.